பெர்கூத்துக்கு வாய்த்த ஆயர்

பெர்கூத், தோபி மாதம் 14

தமோயி மலைக் குகையில் தவம் செய்யும் அண்ணன் பிசானுக்கு, தம்பி ஹோரியோன் எழுதுவது.

நீ நலமா என்று கேட்க இப்போது எனக்கு மனமில்லை. நான் நலமாக இல்லை. நேற்றுக் காலை என்னை ஆயராக்கிவிட்டார்கள்.

சிரிக்காதே. உப்புமீன் விற்கிற உன் தம்பி, திருப்பாடல்களில் இரண்டைக்கூட முழுசாகச் சொல்லத் தெரியாதவன், இன்றைக்கு இந்த நகரத்துக்கு ஆயர். அதுவும் என் பெயரில் இல்லை, உன் பெயரில்.

நடந்ததைக் கேள். மாதாமாதம் வருகிற மாதிரி காய்ந்த ரொட்டியும் உப்பும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். நீ குகையில் இல்லை. தண்ணீருக்குப் போயிருப்பாய் என்று உட்கார்ந்தேன். குளிர் தாங்கவில்லை. உன் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு கொஞ்சம் கண்ணயர்ந்தேன். விழித்துப் பார்த்தால் வாசலில் நாற்பது பேர், கையில் கயிற்றோடு.

"பிசான் ஐயா, எங்க ஆயர் செத்து மூணு மாசமாச்சு. கிளம்புங்க" என்றார்கள்.

"நான் பிசான் இல்லய்யா. அவரு தம்பி. மீன் விக்கிறவன்" என்றேன்.

கூட்டம் ஆனந்தத்தில் அழுதது. "பாத்தீங்களா? மறுப்பாருன்னு நான் சொல்லல?"

இது உன்னைப் போன்ற புனிதர்கள் செய்து வைத்த வேலை. பதவியைக் கண்டு ஓடுகிறவன்தான் பதவிக்குத் தகுதி என்று எகிப்து முழுக்க நம்புகிறது. சரி என்று சொல்கிறவனை யாரும் சீந்துவதில்லை. ஆகவே நான் மறுக்க மறுக்க என் தகுதி கூடிக்கொண்டே போனது. "எனக்குப் பொண்டாட்டி இருக்கா!" என்று கத்தினேன். "தன்மேல தானே பழி போட்டுக்கிறாரு, என்ன தாழ்மை!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்மேல் அடித்த மீன் வாடையை ஒரு கிழவி முகர்ந்து பார்த்து, "இருபது வருசம் குளிக்காத தவம், கும்பிட்டுக்குங்க" என்றாள். ஒருவன் கையைக் கடித்தேன். அவன் கடிபட்ட இடத்துக்கு முத்தம் கொடுத்தான்.

பேராயரின் படகு பெர்கூத் துறையில் நின்றது. மறுநாள் விடிந்ததும் கிளம்ப வேண்டிய அவசரம் அவருக்கு. "உமக்கு விருப்பமா?" என்று கேட்டார். "இல்லவே இல்லை" என்றேன். அவர் புன்னகைத்து என் தலையில் கை வைத்துவிட்டார்.

அண்ணா, விளையாட்டு போதும். உடனே இறங்கி வா. நான்தான் பிசான் என்று ஒரு வார்த்தை சொல். நான் வீட்டுக்குப் போகிறேன். தாயெசி தனியாக இருக்கிறாள். அவளை இங்கே அழைத்துக்கொள்ளவும் முடியாது. இவர்களைப் பொறுத்தவரை நான் இருபது வருடம் பெண் முகம் பார்க்காதவன்.

ஹோரியோன்


தமோயி மலை, தோபி 27

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு செபித்தேன்.

நான் தண்ணீர்க் குடத்தோடு திரும்பியபோது குகை காலியாக இருந்தது. ரொட்டி மூட்டை மட்டும் கிடந்தது. நீ அவசரமாகப் போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆடு மேய்ப்பவர்கள் சொல்லித்தான் தெரியும்.

இதில் கடவுளின் திட்டம் எதுவும் இருக்குமோ என்று யோசிக்க வேண்டும், தம்பி. அவசரப்படக் கூடாது. என் இடது கால் வேறு வீங்கியிருக்கிறது. பனையோலைக் கூடைகள் பன்னிரண்டு பாதியில் நிற்கின்றன. தவக்காலமும் வருகிறது. அந்தக் காலத்தில் துறவி குகையை விட்டு வெளியே வருவது வழக்கமில்லை.

உன் மனைவி வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, மலை எதிரொலிக்கும்படி பேசினாள். "பெரியத்தான், உங்க கடவுளு ஆள் மாத்திப் புடிக்கிறதுக்கு என் வீட்டுக்காரருதான் கெடச்சாரா? நீங்க சாமி கும்புட, அவரு மாட்டிக்கிட்டாரு. எறங்கிப் போங்க!" கால் வீக்கத்தைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை.

பொறுமையாக இரு. இந்த மாதம் உப்பு யார் கொண்டுவருவார்கள் என்றும் தெரியவில்லை.

பிசான்


பெர்கூத், மெஷிர் 20

அண்ணா,

பொறுமையாம். உன் காலுக்கு வீக்கம், என் கழுத்துக்குக் கயிறு.

இங்கே என்னைக் கண்காணிக்க செரேனோஸ் என்று ஒரு திருத்தொண்டர் இருக்கிறார். ஒல்லியாக, எதற்கும் சிரிக்காமல் இருப்பார். முதல் வாரமே அவர் முன்னால் மாட்டிக்கொண்டேன். வெள்ளம் வடிந்த பிறகு வரப்புக்கல்லை யார் நகர்த்தினார்கள் என்று அடித்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஆயர்தானே இங்கே வழக்குத் தீர்க்கிறார். எனக்கு என்ன தெரியும்? பசியோடு இருப்பவனோடு பேரம் பேசக்கூடாது என்று சந்தையில் கற்றிருக்கிறேன். இரண்டு பேரையும் உட்கார வைத்து, வெங்காயம் போட்டு மீன் பொரித்து ஒரே தட்டில் வைத்தேன். தின்று முடிக்கும்போது, "அந்தக் கல்லு ஆத்துத் தண்ணியில தானா உருண்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். செரேனோஸ் மெதுவாக, "ஆயரே, இன்னிக்குப் புதன்கிழமை. நோன்பு" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. அவரே, "சமாதானத்துக்காக நோன்பையே பலி குடுத்துட்டீங்க" என்று சொல்லி என் கையை முத்தமிட்டார்.

மறையுரை வேறு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்ததே இரண்டு விஷயம். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பழைய ஆயர் மதியம்வரை நிற்க வைப்பாராம். மக்கள் வெளியே போகும்போது கண்ணீர் விட்டார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே. "பிசான் சாமி" என்று யாராவது கூப்பிட்டால் இன்னமும் உன்னைத்தான் தேடுகிறேன். சாயங்காலம் படகுத்துறைக்குப் போய், தெற்கிலிருந்து தாயெசி யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வருகிறேன். நம் ஊர்ப் படகுக்காரன் ஒருவன், "இது எங்க ஊரு மீன்காரன்" என்று துறையில் சொல்லியும் பார்த்தான். பொறாமையில் பேசுகிறான் என்று விரட்டிவிட்டார்கள். பேராயருக்கு எழுதினேன். புதிதாக வரும் எல்லா ஆயர்களும் முதல் வருடம் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று பதில் வந்தது.

இன்னொன்று. அன்றைக்கு என்னை முகர்ந்து பார்த்த கிழவி நேற்று வந்தாள். "அன்னிக்குப் பாறைக்குப் பின்னால கொடத்தோட ஒருத்தன் நின்னானே, உங்க வேலக்காரனா சாமி? பாவம், நடுங்கிக்கிட்டு நின்னான்" என்றாள்.

மலையில் உன்னைத் தவிரக் குடம் வைத்திருப்பவர் யார் அண்ணா?

ஹோரியோன்


தமோயி மலை, பரம்ஹத் 6

தம்பி,

நான்தான்.

பத்தடி தூரம். உன் முகம் தெரிந்தது. என் ஆட்டுத்தோல் உன் தோளிலிருந்து நழுவியது தெரிந்தது. நீ "அண்ணா! அண்ணா!" என்று இரண்டு முறை கூப்பிட்டாய். கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. குடத்தை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, உன்னை இறக்கிக்கொண்டு போகும்வரை நின்றேன். குகை காலியாக இருந்தது என்று எழுதியது பொய். கால் வீக்கமும் பாதிப் பொய்.

எப்படியும் ஒருநாள் தேடி வருவார்கள் என்று எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். காதை அறுத்துக்கொண்டவனை ஆயராக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு கத்தியைத் தீட்டி வைத்திருந்தேன். அதற்கும் தைரியம் வரவில்லை. நான் இந்த மலைக்கு வந்தது கடவுளைத் தேடி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்குப் பாறைக்குப் பின்னால் நின்றபோதுதான் தெரிந்தது. எனக்கு மனிதர்களைக் கண்டால் பயம். சின்ன வயதில் சந்தைக்குப் போகச் சொன்னால் எனக்குப் பதிலாக நீதானே போவாய்? அதேதான் இப்போதும் நடந்திருக்கிறது.

தாயெசியிடமும் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கொண்டுவந்த பருப்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிடுங்க. ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதற்குக் கத்தியிருக்கலாம்.

உயிர்ப்பு விழா முடிந்ததும் வருகிறேன். உண்மையாகவே வருகிறேன்.

பிசான்


பெர்கூத், பஷோன்ஸ் 3

பிசானுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகப் போகிறது. பதில் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் எழுந்துவிட்டேன். நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உயிர்ப்பு விழாவும் முடிந்தது. நீ வரவில்லை. சரி, நானே முடித்துக்கொள்கிறேன் என்று போன ஞாயிறு பலிபீடத்தின் படியில் நின்று சொன்னேன்: "நான் பிசான் இல்லை. தமோயி ஊர் மீன்காரன் ஹோரியோன். ஆள் மாறாட்டத்தில் வந்தவன். என்னை விட்டுவிடுங்கள்." பின்வரிசையில் ஒருவர், "நாலு மாசமாகப் போவுது, இன்னும் தப்பிக்கப் பாக்குறாரு பாரு!" என்றார். கோயிலே சிரித்தது. பெண்கள் அழுதார்கள். அன்று மாலை என் வாசலில் இரண்டு காவல்காரர்களை நிறுத்திவிட்டார்கள், ஓடிவிடாமல் இருக்க.

நான் சொல்லி எடுபடாது. நீ சொன்னால்தான் உண்டு. உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் என்னை வீட்டுக்கு அனுப்பு.

ஹோரியோன்


தமோயி மலை, பயோனி 9

பெர்கூத் ஆயர் அவர்களுக்கு,

உங்கள் ஆட்டுமந்தை கடிக்கிறது. வலது தோளை இன்னும் தூக்க முடியவில்லை. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தம்பி, நேரில் பேசாததை இங்கே எழுதுகிறேன். உன் கடிதம் கண்டு பெர்கூத்துக்கு வந்த அந்த ஞாயிறு நான் கோயிலுக்குள் நுழைந்தேன். அவ்வளவு முகங்களை நான் ஒன்றாகப் பார்த்து இருபது வருடம். கடைசித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பேசிக்கொண்டிருந்தாய். ஓட நினைத்தேன். ஓடவில்லை. அதை மட்டும் நீ நம்ப வேண்டும். வாயைத் திறந்தேன்.

"நான்தான் பிசான்! அங்க நிக்கிறவன் என் தம்பி. அவனை விட்டுடுங்க!"

என் வாழ்நாளில் போட்ட பெரிய சத்தம் அது. பக்கத்தில் நின்ற தோல் பதனிடுகிறவன் திரும்பி, "எந்தத் துறவியாவது, நான்தான் அந்தப் புனிதன்னு சொல்லுவானாடா? போலிப்பய, புடிங்க அவன!" என்றான். அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். நீ ஓடி வந்து என்மேல் விழுந்து, "அடிக்காதீங்க, இவரு என் அண்ணன்!" என்றாய். அதைக் கேட்டும் அவர்கள், "பைத்தியக்காரனைக்கூட அண்ணன்ங்கிறாரே!" என்று உன் காலில்தான் விழுந்தார்கள்.

உன் வீட்டில் என் தோளுக்கு எண்ணெய் தடவினாய். பருப்பு ஊற்றினாய். நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. செரேனோஸ் கதவருகே நின்றது ஒரு காரணம். எனக்கு வெட்கம் இன்னொரு காரணம். கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே படகேறிவிட்டேன். இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

ஒன்று சொல்வேன், கோபப்படாதே. அன்று காலை கோயில் திறக்கக் காத்திருந்த கூட்டத்தில் ஒரு குயவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டார். மலை என்றேன். "எங்க ஆயரும் மலைதான். ஆனா மலைய அங்கயே விட்டுட்டு வந்துட்டாரு, புண்ணியவான்" என்றார். நான் வந்திருந்தால் மலையையும் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். இது நான் ஒளிந்துகொள்ளச் சொல்கிற சாக்கு இல்லை. நீ சொன்னால் மறுபடி வந்து அடி வாங்கத் தயார்.

தாயெசி இந்த வாரம் வரவில்லை. வீடு பூட்டியிருக்கிறது என்று ஆடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். அவள் எங்கே?

பிசான்


பெர்கூத், எபிப் 2

அண்ணா,

அவள் இங்கே இருக்கிறாள். மீன் பொரித்துக்கொண்டிருக்கிறாள். எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை வழக்கு நாள். கோயில் முற்றம் நிறைய ஆட்கள். செரேனோஸ் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "தாயெசி, தமோயி ஊரு." என் கையிலிருந்த கோல் கீழே விழுந்தது. ஒரு கையில் துணி மூட்டை, இன்னொரு கையில் கூடையில் கோழி. அப்படியே வந்து எனக்கு எதிரே நின்றாள்.

"என்னம்மா குறை?" என்றேன்.

"என் வீட்டுக்காரரு அஞ்சாறு மாசமா வீட்டுக்கு வரல சாமி. உப்புமீன் யாவாரி. பேரு ஹோரியோன். அண்ணனுக்கு ரொட்டி குடுத்துட்டு வரேன்னு போனவரு."

"வேற பொம்பள சகவாசமா?" என்று செரேனோஸ் கேட்டார்.

"ஒருத்தின்னா முடியப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். இவர ஒரு ஊரே வச்சிருக்குது."

கூட்டத்தில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். "ஆளு எப்படி இருப்பான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"தாடி வச்சிருப்பாரு. காது பெருசு. மாட்டிக்கிட்டா மொகம் செவந்துடும். இப்ப சாமிக்குச் செவந்திருக்கே, அதே மாதிரி."

"சாமிக்கு அந்தப் பாவி மேல கோவம்" என்றாள் பழைய கிழவி. "தீர்ப்பு சொல்லுங்க சாமி! சும்மா விடாதீங்க அவன!" முற்றம் முழுக்கக் கத்தியது. நானும் அந்தப் பாவிமேல் கோபமாகத்தான் இருந்தேன், அண்ணா. அவளை அவ்வளவு நாள் தனியாக விட்டதற்கு.

சொன்னேன்: "புருசன் இருக்கிற வீடு எதுவோ, அதுதான் உன் வீடு. அவன் கிடைக்கிறவரைக்கும் ஆயர் வீட்டுல இரு. அடுப்படி உன் பொறுப்பு."

"கிடைக்க எத்தனை நாளாகும் சாமி?"

"நீ எத்தனை நாள் இருப்பியோ அத்தனை நாள்."

அப்போதுதான் அவள் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமிக்கு இரக்க குணம் என்று ஊரே பேசிக்கொண்டது.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று எண்ணிப் பார்த்துக்கொண்டேன். இந்த ஊருக்கு உண்மையை எத்தனையோ முறை சொல்லியாயிற்று. பெண்டாட்டியை விட்டு ஓடி வந்துவிடு என்று கடவுளும் எங்கேயும் சொல்லவில்லை. செரேனோஸ் முட்டாள் இல்லை. அன்றைக்கே வாசல் காவல்காரர்களை அனுப்பிவிட்டார். சாயங்காலம் ஆனால் உள்கதவைத் தட்டுவதையும் நிறுத்திவிட்டார். வாரம் ஒருமுறை மட்டும், "அந்த ஹோரியோன் பத்தி ஏதாவது தகவல்?" என்று முகம் மாறாமல் கேட்பார். "பொறுமையா தேடுங்க" என்பாள் தாயெசி.

இனி வீட்டுக்கு வருவதாக இல்லை, அண்ணா. எனக்கு இந்தச் சண்டைக்காரர்களைப் பிடித்துவிட்டது. காலையில் எழுந்தால் யார் யாரோடு அடித்துக்கொண்டு வரப்போகிறார்கள் என்று ஆவலாக இருக்கிறது. நானும் நீயும் செத்த பிறகு என் கல்லறையில் உன் பெயரை வெட்டி விளக்கேற்றுவார்கள். அதைப் பற்றி மேலே போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மன்னிப்பு கேட்டிருந்தாய். நீ அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் நான் சந்தையில் இருப்பேன், நீ இங்கே இவர்களை மதியம்வரை நிற்க வைத்திருப்பாய். அதற்காக நீ செய்தது சரி என்று சொல்லமாட்டேன். நான் கூப்பிட்டும் நீ வராதது இன்னும் சில நாள் வலிக்கும். ஆனால் தூணைப் பிடித்துக்கொண்டு நீ கத்தினாயே, அன்றைக்கே உன்னை மன்னித்துவிட்டேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. நீ தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய், நான் பருப்பில் உப்புப் போட மறந்திருந்தேன்.

ஆயர் என்ற முறையில் உனக்கு ஒரு பரிகாரம் உண்டு. சந்தை நாளில் மலையிலிருந்து இறங்கி என் கடையைத் திற. தொட்டியில் இருக்கிற மீன் வீணாகிறது. மற்ற நாள் எல்லாம் உன் குகை உனக்கு.

ஹோரியோன்


தமோயி சந்தை, எபிப் 25

தம்பிக்கும் தாயெசிக்கும்,

பரிகாரம் கடுமையானது. சாட்டையடி கொடுத்திருக்கலாம்.

முதல் சந்தை நாளன்று பாதி நேரம் உப்புச் சாடிகளுக்கு நடுவில் குனிந்தே இருந்தேன். ஒரு பெண் எட்டிப் பார்த்து, "யாருப்பா அது, மீன் வாங்க வந்தா ஒளியிற?" என்றாள். எழுந்தேன். ஒரு மீனை எடுத்துக் கொடுத்தேன். தலைப்பக்கம் பிடித்துக் கொடுத்ததற்குத் திட்டினாள். வால்பக்கம் பிடிக்க வேண்டுமாம். இதை ஏன் எனக்கு எழுதவில்லை? இன்று மூன்றாவது சந்தை. நாற்றம் பழகிவிட்டது. பேரம் பழகவில்லை, எல்லோரும் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். குகைக்குத் திரும்பினால் செபம் நன்றாக வருகிறது. அது எனக்கே ஆச்சரியம்.

இன்று ஒரு வெளியூர்க்காரர் கடைக்கு வந்தார். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். இது ஹோரியோன் கடைதானே, நீங்கள் யார் என்று கேட்டார். முதலில் வாய்க்குள்ளேயே சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. "யாருங்க?" என்று மறுபடி கேட்டார்.

"ஹோரியோனோட அண்ணன்" என்றேன். தெருமுனைவரை கேட்கும்படி சொன்னேன்.

பிசான்